ஆற்று வாய் உடைந்த வருஷம்

அன்று காலையில் ஆற்று வாயை அடைத்துக் கிடந்த மணல் திட்டில் நின்றவர்களை இன்றைக்கும் என்னால் ஒவ்வொருவராகச் சொல்ல முடியும். எங்கள் பக்கம் மாமி, மாமியின் ஒரே மகனான என் மச்சான், கப்பல் கட்டிக்கொண்டிருந்த ஓடாவியார், மரம் அரிகிற ஆட்கள் இருவர், பிறகு நான். வயல் பக்கம் கமக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்த ஊர்த்தலைவர் விதானையார், அவருக்குப் பின்னால் மண்வெட்டிகளோடு பத்துப் பேர். அந்தப் பத்துப் பேரில் ஒரு வீட்டுத் தமையனையும் தம்பியையும் மட்டும் எனக்கு முகம் தெரியும். கோயில் பக்கமிருந்து புதினம் பார்க்க வந்த ஒரு கிழவர் குடையோடு தள்ளி நின்றார். இவ்வளவு பேர்தான். பிறகு வழக்கு நடந்த கோட்டில் கண்டதாகச் சத்தியம் பண்ணியவர்களின் தொகை இதைவிடக் கூட. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருக்கும். ஆட்களில் பிழை இராது.

எங்கள் ஊர் தொண்டைமானாறு. பெயரில் ஆறு இருந்தாலும் மலையில் பிறந்து வருகிற ஆறு அதில்லை. உள்ளூர் வயல்களின் மழைத்தண்ணீரெல்லாம் சேருகிற நீண்ட கடல்நீரேரி எங்கள் ஊரில் வந்து கடலைத் தொடுகிறது. முந்தின காலத்தில் தொண்டைமான் ஒருவன் உப்பு ஏற்றுவதற்காக வெட்டுவித்த வழி என்று சொல்வார்கள். நான் வேலைக்குப் போன நாளில், அதாவது உலகம் முழுக்க நடந்த பெரிய சண்டை தொடங்குவதற்குச் சில வருஷங்கள் முன்னே, அதன் ஒரு கரை முழுக்கத் தொழில்தான். கப்பல் கட்டுகிற வளவுகள், மரம் அரிகிற கிடங்குகள், கயிறு முறுக்குகிற ஒழுங்கை, சுண்ணாம்புச் சூளை, இந்தியாவுக்குப் போகக் கட்டி அடுக்கிய புகையிலைச் சிப்பங்கள். விடிந்தால் பொழுதுபடும் வரைக்கும் இரும்பும் மரமும் மோதுகிற சத்தம். ஊரின் சரித்திரம் எழுதுகிறவர்கள் அரசர் பெயரும் துரைமார் பெயரும் எழுதுவார்கள். நான் அறிந்த சரித்திரம் ஆட்களின் உடம்பில் இருந்தது. மரம் அரிகிறவனுக்கு விரல் இல்லை. சூளைக்காரனுக்கு ஒரு கண் வெந்து வெள்ளையாய் இருக்கும். கோடையில் நீரேரி வற்றி உப்புத் தானாக விளையும்; அது அரசாங்கச் சொத்து; ஒரு கடகம் அள்ளியவனை உப்புக் காவற்காரர் அடித்த அடியில் அவன் பிறகு நிமிர்ந்து நடக்கவேயில்லை. அந்தக் காவற்காரரில் ஒருவனை அடுத்த மாசம் சதுப்பில் கழுத்துவரை புதைத்து வைத்திருந்தார்கள். உயிரோடுதான் எடுத்தது. ஆனால் அவன் அதற்குப் பிறகு பேசிய பேச்சு ஒருவருக்கும் விளங்கவில்லை.

மாமி இந்த ஊருக்கு ஏற்ற மனிசி. என் தகப்பனாரின் தங்கை. அவருடைய புருஷன் தண்டையலாக, கப்பல் ஓட்டுகிற தலைவராக, இருந்தவர். பர்மாவுக்குத் தேக்கு எடுக்கப் போன பயணத்தில் கப்பலும் ஆளும் திரும்பி வரவில்லை. மாமி அழுதாரோ தெரியாது. நான் கண்டது, எட்டாம் நாள் சடங்கான எட்டுச் சிலவு முடிந்த கையோடு வளவுக்கு வந்து, வேலைக்காரர் முற்றத்தில் எறிந்துவிட்டுப் போயிருந்த, மரம் செதுக்குகிற வாச்சிகளைப் பொறுக்கித் துடைத்து அடுக்கியதைத்தான். தன்னுடைய சீதனக் காணியையும் கழுத்திலும் கையிலும் கிடந்ததையும் விற்று மரம் எடுத்தார். 'கப்பல் கொண்டு போனதைக் கப்பல்தான் கொண்டு வர வேணும்' என்பார். கோபம் வந்தால் கை நீட்டுவார். மரத்தைப் பிழையாய் அரிந்த ஒருவனை அதே மரத்துண்டால் அடித்து முதுகைக் கிழித்தார். அன்று பின்னேரம் அவன் வீட்டுக்குத் தானே போய் மருந்து கட்டிவிட்டு, 'நாளைக்கு வெள்ளன வா' என்று சொல்லிவிட்டு வந்தார். அவனும் வெள்ளன வந்தான்.

எனக்குக் கலப்பத்து வேலை. பலகைக்கும் பலகைக்கும் நடுவிலுள்ள நீக்கலில் பஞ்சைத் திணித்து, கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலால் அடித்து இறுக்கி, மேலே குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசவேண்டும். பயந்தவனுக்குப் பொருத்தமான தொழில். பூசிய நீக்கலைத் திரும்பவும் போய்த் தடவிப் பார்ப்பேன். வீட்டுக்குப் போகிற வழியில் சந்தேகம் வந்து பாதியில் திரும்புவேன். மச்சானும் என்னோடு அதே வேலைதான். ஆனால் அவன் ஒன்றையும் இரண்டாம் தரம் பாரான். 'உவன் கலியாணம் முடிச்சாலும் பொம்பிளையைத் தட்டிப் பாத்துத்தான் எடுப்பான், எங்கையாவது ஒழுகுதோ எண்டு' என்று எல்லோரும் கேட்கச் சொல்வான். மாமியும் சிரிப்பார். எனக்கும் சிரிப்பு வரும். அவனை எனக்குப் பிடிக்கும். அவன் கை எப்போது எங்கே போகும் என்ற பயமும் கூடவே இருக்கும்.

கோடையில் அலை மணலைக் கொண்டுவந்து குவித்து ஆற்று வாயை அடைத்துவிடும். கார்த்திகை மழைக்கு உள்ளே தண்ணீர் ஏறி ஏறிக் கரை முட்டும். அப்போது மணல் திட்டை வெட்டிவிட்டால் தண்ணீர் பாய்ந்து கடலுக்குப் போகும், வயல் தப்பும். வெட்டிய வாய் சில நாட்களுக்கு ஆழமாக இருக்கும். அதற்குள்ளே புதிதாய்க் கட்டிய கப்பல் வெளியே போகவேண்டும். ஆனால் கப்பலை மேடையிலிருந்து தண்ணீரில் இறக்குவது திட்டை வெட்டுவதற்கு முன்னாலேயே நடக்கவேண்டும். தண்ணீர் கரை முட்டி நிற்கிற நேரம் மட்டும்தான் அது மேடைவரை வரும். இறக்குமுன் வெட்டினால் கப்பல் தரையில் கிடந்து, அடுத்த மழைவரை வெயில் குடித்து வெடிக்கும். கமக்காரருக்கும் எங்களுக்கும் வெட்டு வேண்டும், நாள்தான் வேறு. அதனால் பழைய வழக்கம் ஒன்று இருந்தது. கமக்காரர் வந்து கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்து, ஒரு மண்வெட்டியை மணலில் நட்டுவிட்டு நிற்பார்கள். கப்பல் வளவுகளில் மூத்த வீட்டார் 'வெட்டுங்கோ' என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் வராமல் ஒருவரும் மண்வெட்டியைத் தொடமாட்டார்கள். இன்றைக்கு அந்த இடத்தில் இரும்புக் கதவு போட்ட அணை இருக்கிறது. உத்தியோகத்தர் ஒருவர் வந்து கதவைத் தூக்கிவிட்டுப் போகிறார். அன்றைக்கு அந்தச் சொல் மாமியின் வாயில் இருந்தது.

அந்த வருஷம் மழை முந்திவிட்டது. விட்டு விட்டுப் பெய்கிற மழையாக இல்லாமல் வானம் அப்படியே இறங்கிவிட்டது. கப்பலின் கடற்பக்கம் கலப்பத்து முடிந்திருந்தது. மறுபக்கம் அப்படியே இருந்தது. நனைந்த நீக்கலில் பஞ்சு பிடிக்காது, குங்கிலியம் ஒட்டாது. ஓடாவியார் கப்பலுக்கு மேலே தென்னோலைக் கிடுகால் பெரிய பந்தல் போட்டு, கீழே தேங்காய்ப் பொச்சுமட்டி குவித்து நெருப்பு மூட்டிப் பலகைகளைக் காய வைத்தார். நாங்கள் அந்தப் புகைக்குள் நின்று இருமி இருமி அடித்தோம். வயலில் தண்ணீர் நெஞ்சளவு என்று செய்தி வந்தது. விதானையார் ஆளனுப்பினார். மாமி வெள்ளிக்கிழமை வரை பொறுக்கச் சொன்னார். வெள்ளிக்கிழமையும் மழை. திங்கட்கிழமை என்றார். அதைக் கேட்டு அந்தத் தமையனும் தம்பியும் வளவுக்கே வந்தார்கள்.

தமையன் நிதானமான ஆள். 'அக்கா, பயிர் மூச்சடைச்சுப் போச்சுது. இன்னும் ரண்டு நாளெண்டா வைக்கலுக்கும் உதவாது' என்று கும்பிட்டுச் சொன்னார்.

தம்பி நெருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். 'கப்பலுக்குக் குளிருதாக்கும், அண்ணை. கணகணப்புப் பிடிக்குது. எங்கடை பயிர்தான் தண்ணிக்குள்ளை நிண்டு நடுங்குது' என்றான்.

மச்சான் சும்மா இருந்திருக்கலாம். 'பயிருக்கு நீந்தப் பழக்குங்கோவன்' என்றான்.

தம்பி பாய்ந்தான். தமையன் அவன் இடுப்பைப் பிடித்தார். நான் மச்சானைப் பிடித்தேன். அவன் முழங்கை பட்டு என் உதடு வெடித்தது. மாமி நடுவில் வந்து மகனைப் பார்த்து, 'வாயைப் பொத்தடா, தண்ணியிலை கிடக்கிறது சோறு' என்று கத்தினார். பிறகு தமையனிடம் திரும்பி, 'தம்பி, என்னட்டை உது ஒண்டுதான் இருக்கு. உதை இறக்கிப்போட்டு நானே வந்து வெட்டுறன். திங்கட்கிழமை' என்றார். தமையன் தலையை ஆட்டினார். தம்பி காறித் துப்பிவிட்டுப் போனான். துப்பல் நெருப்பில் விழுந்து சுர்ரென்றது. கமக்காரன் துப்புவதும் மழை துப்புவதும் ஒன்றாய் நின்றுபோக வேண்டும் என்று நான் அன்றிரவு முழுக்கக் கும்பிட்டுக்கொண்டு கிடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மழை கொஞ்சம் விட்டது. எங்களுக்கு இன்னும் இரண்டு வரிசை நீக்கல் மிச்சம். அப்போது அரிகிடங்குப் பக்கமிருந்து ஒருவன் ஓடிவந்து, கமக்காரர் ஆற்று வாயில் நிற்கிறார்கள் என்றான். கையில் எது இருந்ததோ அதோடு ஓடினோம். ஓடாவியாரிடம் வாச்சி, என்னிடமும் மச்சானிடமும் கொட்டாப்புளி. திட்டில் மண்வெட்டி நட்டிருந்தது. தேங்காய் உடைத்திருந்தது. கற்பூரம் ஈரத்தில் பற்றாமல் கறுத்துக் கிடந்தது. விதானையார், 'அக்கா, ராத்திரி ரண்டு வீடு விழுந்துபோச்சுது. சொல்லுங்கோ' என்றார். மாமி, 'நாளைக்குச் சொல்லுறன்' என்றார். விதானையார் மறுபடி கேட்டார். மாமி மறுபடியும் அதையே சொன்னார். மூன்றாம் தரம் ஒருவரும் கேட்கவில்லை. தம்பி முன்னே வந்து நட்டிருந்த மண்வெட்டியைப் பிடுங்கினான்.

'உங்கடை சொல்லைக் கப்பலிலை ஏத்தி அனுப்புங்கோ' என்று சொல்லி மணலைக் கொத்தினான்.

மாமி நேரே போய் அவன் கொத்துகிற இடத்தில் காலை வைத்தார். அவன் தள்ளிக் கொத்தினான். அவர் அங்கேயும் வைத்தார். அவன் மண்வெட்டிப் பிடியை அவருடைய நெஞ்சில் வைத்து ஒரு தள்ளுத் தள்ள, மாமி மல்லாக்க விழுந்தார். அந்த விழுகிற சத்தத்தோடு மற்றச் சத்தமும் கேட்டது. மச்சானின் கொட்டாப்புளி தம்பியின் காதுக்கு மேலே இறங்கியது. மரம் நல்ல மரத்தில் படுகிற சத்தம். வேலையில் நான் ஆயிரம் தரம் கேட்ட சத்தம். அவன் மண்வெட்டியைப் பிடித்தபடியே முழங்காலில் இருந்தான்.

பிறகு எல்லோரும் எல்லோரையும் அடித்தார்கள். மரம் அரிகிறவன் ஒருவனின் தோளில் மண்வெட்டி விழுந்து எலும்பு வெளியே வந்தது. ஓடாவியாரின் காது பாதி தொங்கியது. அவர் அதைக் கையால் பொத்திக்கொண்டு மற்றக் கையால் வாச்சியின் பின்புறத்தை வீசினார். என் முகத்தில் யாரோ ஒருவன் மணலை எறிந்து வயிற்றில் உதைத்தான். நான் விழுந்து, கண்ணைத் திறக்காமல், கையில் பட்ட ஒரு காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அது யாருடைய கால் என்று இன்றுவரை தெரியாது. அவனும் என்னை உதறவில்லை. அப்படியே கிடந்தோம். அப்போதுதான் குடைக் கிழவரின் குரல் கேட்டது. 'எடேய், ஆறு போகுது! ஆறு போகுதடா!'

தம்பி கொத்திய கொத்து ஒரு சாண் அகலம் இராது. அதற்குள்ளால் தண்ணீர் நூல்போலப் புறப்பட்டு, நாங்கள் அடிபட்டுக்கொண்டிருந்த நேரத்திலே பாய்போல் விரிந்துவிட்டது. காலுக்குக் கீழே மணல் துண்டு துண்டாக விழுந்தது. விட்டுவிட்டு ஓடினோம். யார் எந்தப் பக்கம் என்று பார்க்க நேரமில்லை. ஓடி நின்று திரும்பிப் பார்த்தால், நடுவில் செம்மண் தண்ணீர் இரைந்துகொண்டு கடலுக்குள் பாய்கிறது. விதானையாரும் ஆட்களும் அந்தக் கரையில். தமையன் மட்டும் எங்கள் கரையில். தம்பியை இழுத்துக்கொண்டு வந்து மடியில் வைத்திருந்தார். அவனுடைய காதாலும் மூக்காலும் இரத்தம் வந்துகொண்டிருந்தது. நாங்கள் கையில் ஆயுதத்தோடு சுற்றி நின்றோம். ஒருவரும் அவரைத் தொடவில்லை. அவரும் எங்களைப் பார்க்கவில்லை. 'தம்பி, அண்ணை இருக்கிறன், அண்ணை இருக்கிறன்' என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். மத்தியானம் ஆகுமுன் அந்தச் சொல்லை நிறுத்தினார்.

ஓடாவியார் மட்டும் கப்பலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பந்தலிலிருந்து இன்னும் புகை போய்க்கொண்டிருந்தது. மேடைக்குக் கீழே நின்ற தண்ணீர் இறங்கி, சேறு தெரிந்து, மீன்கள் அதில் துள்ளின.

பொலிசார் வந்தபோது மச்சான் ஓடவில்லை. கப்பலின் அடிக்கட்டையில் சாய்ந்துகொண்டு இருந்தான். கொட்டாப்புளியை அவனே எடுத்துக் கொடுத்தான். அன்று பின்னேரம் திரும்ப மழை பிடித்தது. டாக்குத்தர் பார்த்து முடித்து உடம்பை வீட்டாரிடம் கொடுத்தபோது, வயல் ஊரில் எரிக்க விறகு இல்லை. பனங்குற்றி, ஓலை, வரட்டி எல்லாம் தண்ணீருக்குள். இரண்டு தரம் அடுக்கி, இரண்டு தரமும் புகைந்து அவிந்துபோனதாம். மறுநாள் தமையன் வெறும் மாட்டு வண்டிலைக் கொண்டுவந்து எங்கள் வளவு வாசலில் நிறுத்தினார். பழி வாங்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து வண்டிலுக்குள் கத்தி இருக்கிறதா என்று பார்த்தேன். சாக்குத்தான் இருந்தது.

'உங்களிட்டை வர வேணுமெண்டு வரேல்லை' என்றார். 'காய்ஞ்ச விறகு வேறை இடத்திலை இல்லை. உங்கடை கப்பல் நெருப்பின்ரை புகையை நினைச்சுத்தான் வந்தனான்.'

மாமி வளவைச் சுற்றிப் பார்த்தார். வளவில் அரிந்து வைத்த மரமெல்லாம் நனைந்திருந்தது. பொச்சுமட்டி எல்லாம் எரிந்து சாம்பல். காய்ந்த மரம் என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நாங்கள் கிழமைக்கணக்காக நெருப்புப் போட்டுக் காய்ச்சிய அந்தப் பலகைகள்.

'எத்தினை வண்டில் வேணும்?' என்று கேட்டார்.

'ஒரு வண்டில் காணும்.'

மாமி ஓடாவியாரிடம், 'வயல் பக்கத்துப் பலகையளைக் கழட்டுங்கோ' என்றார். ஓடாவியார் காதுக் கட்டோடு நின்று, 'தங்கச்சி, கட்டினதைக் கழட்டினால் திருப்பிப் போடேலாது' என்றார். மாமி பாரையை எடுத்துத் தானே முதல் பலகையை நெம்பினார். ஆணி மரத்தை விட்டு வருகிற அந்தக் கிறீச்சுச் சத்தத்தைக் கேட்டு நான் காதைப் பொத்தினேன். பிறகு நானும் நெம்பினேன். நான் தடவித் தடவிப் பார்த்து அடித்த பஞ்செல்லாம் தும்புதும்பாய்த் தொங்கியது. முடிந்தபோது கப்பலுக்கு ஒரு பக்கம் விலாவெலும்பு மட்டும் நின்றது.

இறக்க ஆள் வேண்டும், நீ போ என்று என்னை அனுப்பினார் மாமி. வயல் ஊருக்குள் வண்டில் நுழைந்ததும் யாரோ எறிந்த மண்கட்டி என் நெற்றியில் பட்டு இரத்தம் ஓடியது. தமையன் வண்டிலை நிறுத்தி இறங்கி, எறிந்தவனைத் தேடிப் பிடித்து முகத்தில் அடித்தார். தம்பியின் கூட்டாளிப் பொடியனாம். அவன் அழுதுகொண்டே வந்து பலகை இறக்கினான். செத்தவனுடைய தாய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். நெற்றியைக் கழுவவா, குடிக்கவா என்று தெரியாமல் இரண்டுக்கும் பாவித்தேன். குங்கிலியம் பூசிய பலகை ஒரு கொள்ளியோடு பற்றியது. கோயிலில் புகைபோட்ட மாதிரி ஊர் முழுக்க மணத்தது. எலும்பு பொறுக்கிய அன்றைக்குச் சாம்பலுக்குள்ளே கப்பல் ஆணிகளும் வந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். கப்பலின் மிச்சப் பக்கம் அடுத்த கோடையில் வெடித்தது. மாமி அதைத் துண்டு துண்டாக, கதவுக்கும் நிலைக்கும் விற்றார்.

வழக்கு யாழ்ப்பாணத்துப் பெரிய கோட்டில் நடந்தது. எங்களுக்காகப் பேச வந்த அப்புக்காத்தர் கெட்டிக்காரர். விறகுக் கதையைக் கேள்விப்பட்டதும் எழும்பி நின்றுவிட்டார். 'அம்மா, இதை நீங்கள் கூண்டில் ஏறி அப்படியே சொல்லுங்கோ. ஜூரிமார் இளகிப்போவினம். தண்டனை பாதியாய்க் குறையும்.'

'அது செத்த பிள்ளைக்குக் குடுத்தது' என்றார் மாமி. 'அதைத் திருப்பி வாங்கி என்ரை பிள்ளைக்குப் போடச் சொல்லுறியளோ?'

அப்புக்காத்தர் என்னைப் பார்த்தார். நானும் மாமியின் காலைப் பிடிக்காத குறையாய்க் கெஞ்சினேன். பொய்யில்லையே மாமி, நடந்ததுதானே மாமி என்றேன். நித்திரையில்லாமல் எனக்குக் கண் எரிந்துகொண்டிருந்தது.

'நீ வண்டிலோடை போனனி. அந்தத் தாய் உனக்குத் தண்ணி தந்தவவோ இல்லையோ?'

'தந்தவ.'

'பிறகென்ன கதை.'

கூண்டில் தமையன் ஏறினார். அடித்தது யார் என்று கேட்டார்கள். 'உவர்தான்' என்று மச்சானைக் காட்டினார். எதால் என்று கேட்டார்கள். மேசையிலிருந்த கொட்டாப்புளியைக் காட்டினார். எத்தனை அடி என்று கேட்டார்கள். 'ஒண்டு' என்றார். எல்லாம் உண்மை. இறங்கப் போனவர் திரும்பி, தீர்ப்புச் சொல்ல இருந்த துரையைப் பார்த்துக் கும்பிட்டு, 'ஐயா, இன்னொரு விசயம் சொல்ல வேணும். என்ரை தம்பியை எரிக்க...' என்று தொடங்கினார். மொழிபெயர்க்கிற முதலியார் கையைக் காட்டி, 'கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லும், இறங்கும்' என்றார். தமையன் இறங்கினார். அப்புக்காத்தர் எழும்பப் பார்த்து, மாமியின் முகத்தைக் கண்டு இருந்துவிட்டார். மச்சானுக்குப் பத்து வருஷம் கடூழியம் என்று தீர்ப்பாயிற்று.

வெளியே வேப்பமரத்தடியில் தமையன் தனியே நின்றார். எங்களைக் கண்டு, 'சொல்ல வெளிக்கிட்டனான் அக்கா, விடேல்லை' என்றார். மாமி 'கேட்டது' என்று மட்டும் சொன்னார். அப்போது மச்சானைக் கைவிலங்கோடு கொண்டுவந்தார்கள். அவன் சிரிக்கப் பார்த்தான். மாமி பொலிசுக்காரனைத் தோளால் இடித்துத் தள்ளிக்கொண்டு போய், அவன் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை அறைந்தார். அவன் தலை மறுபக்கம் திரும்பிப் போயிற்று. கோட்டு வாசலில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள்.

'தலையிலை ஏனடா அடிச்சனி?' என்று கத்தினார். 'கையிலை காலிலை அடிச்சிருக்கக் கூடாதோ?'